சேந்தமங்கலம் தொகுதியும் மலையின் வாக்குரிமையும்

சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர். இவ்வூரின் பெயரைத் தாங்கிய சட்டமன்றத் தொகுதி, தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட இரண்டே தொகுதிகளுள் ஒன்று. மற்றது சேலம் மாவட்டத்தின் ஏற்காடு. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, எருமப்பட்டி போன்ற சமவெளி ஊர்களும், காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் வரும் கொல்லிமலை நாடுகளும் இத்தொகுதியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என 'நாடு' என்று முடியும் பெயர்களைக் கொண்ட ஊராட்சிகள் அங்கு உள்ளன. அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தோடு தொடர்புபடுத்த வேண்டியதில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. இவர்களின் மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்பது இவர்களிடம் வழங்கும் மரபுக்கதை.

இம்மக்களுக்கு வாக்குரிமை எப்போது, எவ்வழியாக வந்தது, வந்த பின் அது எவ்வளவு எடை பெற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள். அரசியல் மீது மனம் கசந்தவர்கள் வாக்கை என்ன செய்தார்கள் என்ற கேள்வியும் இதனுடன் பிணைந்தது. வாக்களிக்க மறுத்தல், வேட்பாளர் பட்டியலை நிரப்பித் திணறடித்தல், 'எவருமில்லை' என்று பொத்தானை அழுத்துதல் ஆகிய மூன்றுக்கும் சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்திலேயே வரலாறு உண்டு.

பத்து ரூபாய்த் தகுதி

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் 1920 நவம்பரில் நடைபெற்றது. மாகாணத்தின் மக்கள்தொகை 4 கோடியை ஒட்டியிருந்தது. வாக்காளர்களோ ஏறத்தாழ 12.5 லட்சம் பேர். நாட்டுப்புறத்தில் வாக்குப் பெற, ஆண்டு வாடகை மதிப்பு குறைந்தது 10 ரூபாய் பெறும் நிலத்துக்குப் பட்டாதாரராக இருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான வேறு தகுதி வேண்டும். நகரத்தில் வரி கட்டுவோர்க்கு இடமுண்டு. சாமையும் கேழ்வரகும் விளையும் மலைச்சரிவில் எத்தனை பேர் இந்த வரம்பைத் தாண்டியிருப்பார்கள் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். பெண்களுக்கு அந்தத் தேர்தலில் வாக்கே இல்லை. 1917-இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கமும், அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வந்த மாண்டேகுவைச் சரோஜினி நாயுடு தலைமையில் சந்தித்த பெண்கள் குழுவும் கேட்டதன் பலன் 1921-இல்தான் கிட்டியது. இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னைச் சட்டமன்றம் பால் அடிப்படையிலான தடையை நீக்கியது. ஆனால் சொத்துத் தகுதி அப்படியே இருந்தது. எனவே சொந்தப் பெயரில் நிலம் வைத்திருந்த மிகச் சில பெண்களே பயன் பெற்றனர்.

இந்தக் குறுகிய வாக்குரிமையையும் வேண்டாம் என்றது காங்கிரஸ். 1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய சிறப்பு மாநாடு சட்டமன்றங்களைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. ரௌலட் சட்டம், ஜாலியன்வாலாபாக் ஆகியவற்றுக்குப் பின் அந்த ஆட்சி வழங்கும் மன்றத்தில் அமர்வது அறத்துக்கு ஒவ்வாது என்பது வாதம். தமிழகத்தில் இந்த நிலையில் மிகவும் உறுதியாக நின்றவர் சேலத்து வழக்கறிஞரும் சேலம் நகராட்சியின் முன்னாள் தலைவருமான ராஜாஜி. 1922-இல் கயா மாநாட்டில் சட்டமன்றம் செல்ல விரும்பியவர்களை எதிர்த்து நின்ற 'மாறாதார்' அணியை வழிநடத்தியவரும் அவரே. 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் கதர், மதுவிலக்கு வேலைகளில் இறங்கினார்.

1920 தேர்தலில் வாக்குரிமை பெற்றவர்களில் கால்பகுதியினரே வாக்களித்தனர். நீதிக்கட்சி ஆட்சி அமைத்தது. புறக்கணிப்பு அறவழியில் நியாயமாக இருக்கலாம். எனினும் புறக்கணிக்க ஒருவரிடம் முதலில் வாக்கு இருக்க வேண்டும். கொல்லிமலை போன்ற இடங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. அவர்கள் சார்பில் வாக்கைக் கேட்டவர்களும் மறுத்தவர்களும் சமவெளியினரே.

குமாரமங்கலத்திலிருந்து வந்த குரல்

திருச்செங்கோட்டுக்கு அருகில் உள்ள குமாரமங்கலம் ஒரு ஜமீன். அதன் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர். 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி அதிக இடங்களைப் பெற்றும் பதவி ஏற்க மறுத்ததால், கட்சி சாராத அவரை ஆளுநர் கோஷன் அமைச்சரவை அமைக்க அழைத்தார்.

வாக்குரிமை வரலாற்றில் சுப்பராயனைவிட அவருடைய துணைவியார் ராதாபாயே முக்கியமானவர். அவர் மங்களூரில் பிறந்தவர். ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பள்ளிகள் நடத்திய குத்முல் ரங்கராவின் மகள். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரியிலும் பயின்றார். 1930-இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட இரு இந்தியப் பெண்களில் ஒருவர் அவர், மற்றவர் பேகம் ஜஹானாரா ஷா நவாஸ். 1932-இல் லோதியன் பிரபுவின் தலைமையில் இந்தியா முழுதும் சுற்றிய வாக்குரிமைக் குழுவிலும் ராதாபாய் உறுப்பினர்.

இங்கே ஒரு கூர்மையான கருத்து வேறுபாடு எழுந்தது. வயதுவந்த அனைவருக்கும் வாக்கு என்பது 1928-இன் மோதிலால் நேரு அறிக்கையிலும் 1931-இன் கராச்சித் தீர்மானத்திலும் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட கொள்கை. இந்திய மாதர் சங்கம், அகில இந்தியப் பெண்கள் மாநாடு ஆகிய அமைப்புகளும் 1931-இல் அதையே கேட்டன. தமக்குத் தனிச்சலுகையும் இட ஒதுக்கீடும் வேண்டாம், சமமான வாக்கே வேண்டும் என்றன. கணவனின் சொத்தைக் கொண்டு மனைவிக்கு வாக்களிப்பதை அவை இழிவாகக் கருதின. ராதாபாயின் கணிப்பு வேறு. சமூகம் இப்போது இருக்கும் நிலையில், ஒதுக்கீடு இல்லாமல் பெண்கள் மன்றத்துக்குள் நுழைய மாட்டார்கள், ஆகவே இடைக்காலத்துக்காவது ஒதுக்கப்பட்ட இடங்கள் வேண்டும் என்றார். இதற்காகத் தம் தோழியரிடமே அவர் கடுமையான விமர்சனத்துக்கு ஆளானார்.

லோதியன் குழு, எல்லா வயதுவந்தோருக்கும் வாக்கு என்பது நிர்வாகத்தால் இயலாதது என்று ஒதுக்கிவிட்டு, வாக்காளர் தொகையைப் பெருக்கும் இடைவழிகளைப் பரிந்துரைத்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடியாக உயர்ந்தது. அவர்களில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் பெண்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களும், தகுதியுள்ள ஆண்களின் மனைவியரும் சேர்ந்ததால் வந்த உயர்வு இது. பெண்களுக்குத் தனி இடங்களும் வைக்கப்பட்டன. ராதாபாய் 1938-இல் மத்திய ராஜ்ய சபைக்குத் தேர்வானார். அந்த அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். (அவருடைய மகள் பார்வதி கிருஷ்ணன் பிற்காலத்தில் பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் கோயம்புத்தூரிலிருந்து மக்களவைக்குச் சென்றார். ஒரு ஜமீன் குடும்பத்தில் இது சிறிய செய்தியன்று.)

இரு தரப்பும் சொன்னதில் பிழையில்லை. சம வாக்கு கேட்டவர்கள் 1950-இல் வென்றனர். ஒதுக்கீடு இன்றிப் பிரதிநிதித்துவம் வராது என்ற ராதாபாயின் கணிப்பை அடுத்த எழுபது ஆண்டுகளின் சட்டமன்றப் பட்டியல்கள் மெய்ப்பித்தன. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் அரசியலமைப்புத் திருத்தம் 2023-இல்தான் நிறைவேறியது.

அதே 1935 சட்டத்தின்படி 1937-இல் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் 215 இடங்கள். பிற்பட்ட பகுதிகளுக்கும் பழங்குடிகளுக்கும் சேர்த்து அதில் ஒதுக்கப்பட்டது ஒரே ஓர் இடம்.

ஒரே நாளில் வந்த வாக்கு

1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 326-ஆம் உறுப்பு 21 வயது நிறைந்த எல்லாருக்கும் வாக்களித்தது. நிலம், வரி, எழுத்தறிவு, ஆண், பெண் என்ற எந்தத் தகுதியும் கேட்கவில்லை. (வயது 18 ஆனது 1989-இல்.) ஏறத்தாழ 17.3 கோடிப் பேர் வாக்காளர் ஆயினர். பெரும்பாலோருக்கு எழுத்தறிவு இல்லை. ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. வடமாநிலங்களில் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிந்து, சொந்தப் பெயரைச் சொல்லாத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது.

கொல்லிமலைக்காரர் இதற்காகத் தனிக் கிளர்ச்சி நடத்தவில்லை. மாகாண வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்ற அவர்கள், இடைப்படி எதுவும் இல்லாமல் குடியரசின் முழு வாக்காளர் ஆனார்கள். ஊர்க் கவுண்டரும் பட்டக்காரரும் பேசித் தீர்ப்பு சொல்லும் மரபு உள்ள இடத்தில், தனித்தனியே மறைவாகக் கருத்துச் சொல்லும் முறை புதிது. உலகின் பல பழங்குடி மக்களோடு ஒப்பிட்டால் இது முன்னதாகவே வந்தது. ஆஸ்திரேலியாவின் தொல்குடியினர் அனைவருக்கும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை 1962-இல்தான் கிடைத்தது. கனடாவில் தம் பூர்வகுடித் தகுதியைத் துறக்காமலேயே வாக்களிக்க முடிந்தது 1960-இல்.

முதல் தேர்தலே கசப்புக்கும் விதை போட்டது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது. தேர்தலில் நிற்காத ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு 1952 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். ஒருகாலத்தில் மன்றத்துக்குள் நுழைவதே தவறு என்று வாதிட்டவர், எல்லாரும் வாக்களித்த முதல் தேர்தலுக்குப் பிறகு வாக்காளரைச் சந்திக்காமல் ஆட்சிக்கு வந்தார். சட்டப்படி அது செல்லும். ஆனால் புதிதாக வாக்குப் பெற்றவர் கண்ணில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்ற கேள்வி நிற்கிறது.

ஒதுக்கீட்டின் கணக்கு

அரசியலமைப்பின் 332-ஆம் உறுப்பு சட்டமன்றங்களில் பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம் ஒதுக்குகிறது. தமிழ்நாட்டில் 1977 முதல் சேந்தமங்கலம், ஏற்காடு, உப்பிலியபுரம் என மூன்று தொகுதிகள் இருந்தன. 2008-இல் நடைமுறைக்கு வந்த மறுசீரமைப்பு 2001 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. அப்போது மாநிலப் பழங்குடியினர் 6.5 லட்சம், அதாவது 1.04 விழுக்காடு. 234 இடங்களில் இந்த விகிதம் 2.4 ஆகும், எனவே இடம் இரண்டானது. உப்பிலியபுரம் தொகுதியே மறைந்தது. பச்சைமலைப் பக்கத்தவர்கள் துறையூரில் சேர்ந்தனர், அது இப்போது பட்டியல் சாதியினருக்கான தொகுதி.

மக்களவைக்கு இதே கணக்கைப் போட்டால், 39-இல் 1.04 விழுக்காடு 0.4 ஆகிறது. பாதிக்கும் கீழ் என்பதால் பூச்சியம். நாடு முழுவதும் பழங்குடியினருக்கு 47 மக்களவை இடங்கள் உள்ளன, தமிழ்நாட்டுக்கு ஒன்றும் இல்லை. தேசிய அரசியலில் மலையாளிகளுக்கென்று ஓர் இருக்கை ஒருபோதும் இருந்ததில்லை. சேந்தமங்கலம் முன்பு இராசிபுரம் மக்களவைத் தொகுதியில் இருந்தது, இப்போது நாமக்கல்லில். நாமக்கல் தொகுதியில் 2024 மக்களவைத் தேர்தலின்போது 14 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். கொல்லிமலையின் மொத்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40,000. குழந்தைகளையும் சேர்த்து எண்ணினாலும் நூற்றுக்கு மூன்று பேரைத் தாண்டுவது அரிது.

சட்டமன்றத் தொகுதியிலும் இதே சிக்கல் சற்றுச் சிறிய அளவில் உள்ளது. மறுசீரமைப்புச் சட்டம், பழங்குடியினரின் விகிதம் எங்கே மிகுதியோ அங்கே ஒதுக்கச் சொல்கிறது. சேந்தமங்கலத்தில் அந்த விகிதம் மாநிலத்தில் மிகுதியாக இருக்கலாம், ஆனால் பாதிக்கு வெகு கீழே. 2021 தேர்தலின்போது தொகுதியின் வாக்காளர்கள் 2.4 லட்சத்தை ஒட்டியிருந்தனர். வேட்பாளர் பழங்குடியினராக இருக்க வேண்டும், அவரைத் தேர்ந்தெடுப்போரில் பெரும்பான்மையினர் பழங்குடியினர் அல்லர். இக்குறையை அம்பேத்கர் 1932-ஆம் ஆண்டின் புனா ஒப்பந்தத்தைப் பற்றிப் பின்னாளில் பலமுறை சுட்டிக்காட்டினார். கூட்டு வாக்காளர் முறையில் ஒதுக்கீட்டு உறுப்பினரைப் பெரும்பான்மைச் சமூகமே தேர்ந்தெடுத்துவிடுகிறது என்பது அவர் வாதம். சேந்தமங்கலத்தில் 2006-இல் தி.மு.க., 2011-இல் தே.மு.தி.க., 2016-இல் அ.தி.மு.க., 2021-இல் மீண்டும் தி.மு.க. வென்றன. தொகுதி மாநிலத்தின் காற்றோடு சேர்ந்தே திரும்பியிருக்கிறது. மலையின் தனிக்கோரிக்கை வெற்றி தோல்வியை முடிவு செய்ததாக இந்த வரிசையில் ஒரு தடயமும் தெரியவில்லை.

பிறமாநிலப் பழங்குடிகளுக்கு இருக்கும் வேறு கதவுகளும் இங்கே இல்லை. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் கிராம சபைக்கு நிலம், காடு பற்றிச் சிறப்பு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் கொல்லிமலைக்குப் பொருந்தாது. 2006-இன் வன உரிமைச் சட்டம் பொருந்தும். ஆனால் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, நீதிமன்ற அனுமதியின்றிப் பட்டா வழங்கக் கூடாது என்றது. அந்தத் தடை 2016-இல்தான் நீங்கியது. நாட்டின் பிற பகுதிகளில் லட்சக்கணக்கான பட்டாக்கள் கைமாறிய எட்டு ஆண்டுகள் இவை.

பட்டியலில் இடம் பெற்றவர்களின் நிலை இது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளின் பாடு இன்னும் கடினம். பட்டியல் மாவட்டங்களின் பெயர் சொல்லி வரையறுக்கப்பட்டது. அதில் பழைய சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை மாவட்டங்கள் உண்டு, கோயம்புத்தூர் இல்லை. ஈரோடு அதிலிருந்து பிரிந்த மாவட்டம். ஒரே இனம், ஒரே பெயர், ஆனால் பழைய மாவட்டக் கோட்டுக்கு இப்பால் இருந்தால் பழங்குடி, அப்பால் இருந்தால் இல்லை. அவர்கள் பல பதிற்றாண்டுகளாகச் சேர்க்கைக்குப் போராடுகிறார்கள்.

கசப்பு எடுத்த வடிவங்கள்

1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியில் தம் கோரிக்கைகள் புறக்கணிக்கப்பட்டதைக் கண்டித்து விவசாயிகள் கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்தனர். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது, தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்கும் விழவில்லை. அதாவது அவர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளவில்லை. வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். நாடாளுமன்றத்தின் மறுமொழி விரைவாக வந்தது. சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிவோர் தேவை என்றானது. கோரிக்கைக்குப் பதில் சொல்வதைவிடக் கதவைக் குறுக்குவது எளிது.

அடுத்தது 49-ஓ. வாக்குச்சாவடிக்கு வந்து, எவருக்கும் வாக்களிக்க விரும்பவில்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடும் விதி இது. எழுத்தாளர் ஞாநி 2006 தேர்தலின்போது இதைத் தமிழ்நாடெங்கும் அறியச் செய்தார். 2011-இல் மாநிலத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதைப் பயன்படுத்தினர். இதில் ஒரு பெருங்குறை உண்டு. யாருக்கும் போடவில்லை என்பது சாவடியில் இருக்கும் கட்சி முகவர்கள் அனைவருக்கும் தெரிந்துவிடும். நகரத்தில் இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு மலையூரில், ரேஷன் கடைக்கும் நூறு நாள் வேலைக்கும் அதே ஆட்களிடம் மறுநாள் போய் நிற்க வேண்டியவர் அந்தக் கையொப்பத்தை எப்படிப் போடுவார்?

மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் இக்குறையைக் களைந்தது. மறுப்பும் மறைவாகவே இருக்க வேண்டும் என்று கூறி, இயந்திரத்தில் 'மேற்கண்ட எவருமில்லை' என்னும் பொத்தானை வைக்க ஆணையிட்டது. அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கிய தலைமை நீதிபதி ப. சதாசிவம், பவானிக்கு அருகில் உள்ள கடப்பநல்லூர்க்காரர்.

தமிழ்நாட்டில் அந்தப் பொத்தான் முதன்முதலில் வந்த இடம் சென்னையோ மதுரையோ அன்று. 2013 டிசம்பர் 4 அன்று இடைத்தேர்தல் நடந்த ஏற்காடு, அதாவது மாநிலத்தின் மற்றொரு மலையாளித் தொகுதி. பெரிய கட்சிகளில் அ.தி.மு.க.வும் தி.மு.க.வும் மட்டுமே மோதின. வாக்குப்பதிவு ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தொட்டது. அ.தி.மு.க.வின் சரோஜா 1,42,771 வாக்குகளும் தி.மு.க.வின் மாறன் 64,655 வாக்குகளும் பெற்றனர். நோட்டாவுக்கு விழுந்தவை 4,431. வெற்றி வேறுபாடு 78,116 ஆக இருக்கையில் இந்த எண் சிறிதுதான். நோட்டா முதலிடம் பெற்றாலும் அடுத்து வந்தவரே வென்றவர் என்பதும் விதி. ஆயினும் கையொப்பமிட்டு முகம் காட்டத் தேவையில்லாத முதல் வாய்ப்பிலேயே இத்தனை பேர் அதை நாடினர் என்பது கவனிக்கத்தக்கது.

புறக்கணிப்பின் பேரம்

தேர்தல் நெருங்கும்போது சாலையோ குடிநீரோ கேட்டு ஓர் ஊர் கருப்புக்கொடி கட்டிப் புறக்கணிப்பு அறிவிப்பதும், வட்டாட்சியரும் காவல் துறையினரும் வந்து பேசுவதும் தமிழக மலைப்பகுதிகளில் வழக்கமான காட்சி. இதை அரசியல் அறியாமை என்று நகரத்தார் எழுதுவது உண்டு. எண்ணிக்கையைப் பார்த்தால் அது அறியாமையாகத் தோன்றவில்லை. சில நூறு வாக்குகள் விழுந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. விழாமல் போனால் அந்தச் சாவடியின் பூச்சியம் மாவட்ட ஆட்சியருக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் அறிக்கையாகப் போகும். ஆகவே வாக்கைப் போடுவதைவிட நிறுத்தி வைப்பதற்கு அங்கே விலை கூடுதல். 1920-இல் ராஜாஜி அணியினர் கொள்கைக்காகச் செய்ததை, இவர்கள் சாலைக்காகச் செய்கிறார்கள்.

இதற்கு அருகிலேயே ஒரு சான்று, நாமக்கல் மாவட்டத்தின் போதமலை. கீழூர், மேலூர், கெடமலை என்னும் மூன்று ஊர்களுக்கும் விடுதலைக்குப் பிறகு எழுபது ஆண்டுகள் கடந்தும் வண்டிப்பாதை இல்லை. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கித்தான் இறக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் தவறாமல் மேலே போயின. அலுவலர்கள் கரடுமுரடான பாதையில் நடந்தே ஏறினர், இயந்திரங்கள் தலைச்சுமையாகச் சென்றன. ஒவ்வொரு வாக்காளரையும் தேடிச் செல்லும் அந்த முயற்சி பாராட்டுக்குரியது. அதே பாதையில் மருத்துவரும் ஆசிரியரும் அவ்வளவு தவறாமல் ஏறினார்களா என்பது மலைமக்களின் கேள்வி. 2023-இல் 139 கோடி ரூபாய் மதிப்பில் ஏறத்தாழ 31 கிலோமீட்டர் சாலைக்கு ஒப்புதல் கிடைத்தது.

கொல்லிமலைக்கு அந்த 70 வளைவுச் சாலை உண்டு, பேருந்தும் உண்டு. எனினும் நாடுகளுக்குள் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்குச் சாலை, பட்டா, சாதிச் சான்றிதழ், மருத்துவமனை என்ற பட்டியல் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் பழங்குடியினருக்கான ஒதுக்கீடு முதலில் பத்து ஆண்டுகளுக்கென்றே எழுதப்பட்டது. பின்னர் பத்துப் பத்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு, 104-ஆம் திருத்தத்தின்படி 2030 சனவரி 25 வரை நிற்கிறது. அடுத்த மறுசீரமைப்பில் 1.1 விழுக்காட்டினருக்கு எத்தனை இடம், அந்த இடத்தின் எல்லைக்கோடு மலையை ஒட்டி வளையுமா, சமவெளியை நோக்கி இன்னும் நீளுமா என்பவை சேந்தமங்கலத்துக்கு இனி வரவிருக்கும் கேள்விகள்.